முக்காலிக்குக் கால் குறைவா? மூன்று சக்கரக் கார்கள் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் பக்க ஓரத்தில் ஒரு மூன்று சக்கரக் காரின் படத்தைப் போட்டாலும் போட்டோம், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேருக்குக் கிண்டல், பாதிப் பேருக்கு ஆசை. இந்த வாரம் முழுக்க அதற்கே.

கே: மூன்று சக்கரத்தில் ஓடுவதை எல்லாம் கார் என்று சொல்வது கொஞ்சம் ஓவராக இல்லையா?

ப: முதல் காருக்கே மூன்று சக்கரம்தான் சார். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886 ஜனவரியில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. என்ஜினுக்கு ஒரே சிலிண்டர், முழுசாக ஒரு குதிரைத்திறன்கூட வராது. நான்கு சக்கரம் போடத் தெரியாமல் இல்லை. வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தைவிட அதிகமாகத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று உருளும், இன்னொன்று தரையில் தேய்த்துக்கொண்டே வரும். அதற்குத் தோதான ஸ்டீயரிங் அமைப்பு அவருக்கு அப்போது பிடிபடவில்லை. முன்னால் ஒற்றைச் சக்கரம் என்றால் அந்த வம்பே கிடையாது. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு மூன்று சக்கர வண்டியிலேயே மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகியிருந்த ஊசியை உருவிக் குத்திவிட்டார், எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார்.

கே: அதெல்லாம் சரி, ஸ்டீயரிங் சிக்கல் தீர்ந்த பிறகும் மூன்று சக்கரம் ஏன்?

ப: வரி. இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னால், வரியும் லைசென்ஸும். பிரிட்டனில் எடை ஒரு வரம்புக்குள் இருந்தால் (நெடுங்காலம் அது 400 கிலோவைச் சற்றே தாண்டிய அளவு) மூன்று சக்கரக் காருக்கு மோட்டார்சைக்கிள் கணக்கில்தான் வரி போட்டார்கள். மோட்டார்சைக்கிள் லைசென்ஸ் வைத்திருந்தவரே அதை ஓட்ட முடிந்தது. குழந்தை பிறந்ததும் பைக்கை விட்டுவிட்டுக் கூரை உள்ள வண்டிக்கு மாற நினைக்கிற, ஆனால் இன்னொரு டெஸ்டுக்குப் போய் நிற்க விருப்பமில்லாத குடும்பஸ்தர்கள்தான் இதன் வாடிக்கையாளர்களாக இருந்தார்கள். டாம்வொர்த்தில் இருந்த ரிலயன்ட் நிறுவனம் ரீகல், ராபின் என்று பல பத்தாண்டுகள் இந்தக் கார்களை விற்றதும், எடை ஏறாமலிருக்க ஃபைபர்கிளாஸில் உடல் செய்ததும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இதில் ஒரு கூத்து: அந்த லைசென்ஸில் ஓட்ட வேண்டுமென்றால் ரிவர்ஸ் கியர் இருக்கக்கூடாது என்றும் 1960களின் தொடக்கம் வரை அங்கே விதி இருந்தது. அதனால் பல வண்டிகளில் ரிவர்ஸே இருக்காது, அல்லது இருப்பதை அடைத்து விற்பார்கள். மூன்று சக்கரக் கார்களின் பல கிறுக்குத்தனங்களுக்கு நாம் பழி போட வேண்டியது பொறியாளர் மீது அல்ல, சட்டம் எழுதியவர் மீது.

கே: ரிவர்ஸ் இல்லாமல் எப்படித்தான் சமாளித்தார்கள்?

ப: ஆளுக்கொரு வழி. பாண்ட் மினிகாரில் என்ஜினையே முன் சக்கரத்தோடு சேர்த்துப் பொருத்திவிட்டார்கள், சக்கரம் திரும்பினால் என்ஜினும் கூடவே திரும்பும். சில மாடல்களில் சக்கரத்தை முழுக்க ஒடித்துவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே தன் நீளத்துக்குள் சுற்றி வந்துவிடும். பிறகு ரிவர்ஸ் எதற்கு?

மேன் தீவில் 1962 முதல் செய்த பீல் பி50 இன்னும் சுலபம். 137 செ.மீ. நீளம், 99 செ.மீ. அகலம், 49 சிசி என்ஜின், ஒரு கதவு, ஒரு ஹெட்லைட், எடை 60 கிலோவுக்குள். பின்னால் ஒரு கைப்பிடி இருக்கும். இறங்கி, அதைப் பிடித்துத் தூக்கி, பெட்டியை இழுப்பதுபோல இழுத்துத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி ஏறி உட்கார வேண்டியதுதான். மழை பெய்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள்.

கே: வளைவில் கவிழ்ந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

ப: எந்த மூன்று சக்கரம் என்பதைப் பொறுத்தது. முதலில் ஒரு நல்ல செய்தி. சமமில்லாத தரையில் நாற்காலி ஆடும், ஒரு காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வைப்போம். முக்காலிக்கு அந்த வேலை கிடையாது, எந்தத் தரையிலும் மூன்று காலும் பதிந்து நிற்கும். காரிலும் அப்படித்தான், நின்றுகொண்டிருக்கும் வரை.

ஓட ஆரம்பித்தால் கதை வேறு. மூன்று சக்கரமும் தரையைத் தொடும் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். வண்டியின் பாரம் அந்த முக்கோணத்துக்குள் விழும் வரை பயமில்லை. முன்னால் ஒற்றைச் சக்கரம் இருந்தால் முக்கோணத்தின் கூர்முனை முன்பக்கம் போய்விடுகிறது. வளைவில் பாரம் வெளிப்பக்கம் சாய்கிறது. அந்த நேரம் பார்த்து பிரேக்கையும் மிதித்தால் பாரம் முன்னாலும் தள்ளப்படுகிறது, அதாவது முக்கோணம் எங்கே மிகக் குறுகலோ சரியாக அங்கே. மூன்று சக்கர சைக்கிளில் வேகமாக வருகிற குழந்தை ஹேண்டில்பாரை வெடுக்கென்று ஒடித்ததும் எப்படி விழும் என்று கவனித்திருக்கிறீர்களா? நேர் பக்கவாட்டில் விழாது, முன்னோக்கிக் குறுக்காக, ஒரு தோளை முன்னால் விட்டு விழும். அதே கணக்கு.

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று மாற்றிப் போட்டால் பிரேக் பிடிக்கும்போது பாரம் அகலமான பக்கத்துக்குப் போகும், வண்டி தெம்பாக நிற்கும். பிரிட்டனின் மோர்கன் கார்கள் 1910 வாக்கிலிருந்தே இந்த வகை. மோட்டார்சைக்கிள் பாணி இரட்டை சிலிண்டர் என்ஜின் மூக்குக்கு முன்னால் வெளியே தெரியும்படி உட்கார்ந்திருக்கும், பாரமும் முன்னாலேயே இருக்கும். பந்தயங்களில் நான்கு சக்கரக் கார்களுக்குத் தண்ணி காட்டிய வண்டிகள் அவை.

பாவம், ரிலயன்ட் ராபின். முன்னால் ஒற்றைச் சக்கரம், கனமான என்ஜினும் முன்னால். பேர் கெட்டதில் நியாயம் கொஞ்சம் உண்டு, ஆனால் டிவி நிகழ்ச்சி ஒன்றில் அது திருப்பத்துக்குத் திருப்பம் உருண்டதைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அப்படி உருள வேண்டும் என்றே டிஃபரன்ஷியலை (இரண்டு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பை) மாற்றி வைத்திருந்ததாகத் தொகுப்பாளரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறவருக்கு ராபின் ஒழுங்காகவே ஓடும்.

கே: ஓட்டுகிறவருக்கு அன்றாடம் தெரிகிற வித்தியாசம் என்ன?

ப: பள்ளம்! நான்கு சக்கரக் காரில் சாலை நடுவே பள்ளம் வந்தால் அதை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே விட்டுக் கடந்துவிடுவோம். மூன்று சக்கரக் காரில் அந்த நடுவில்தான் மூன்றாவது சக்கரம் வருகிறது. பக்கத்தில் விட்டாலும் இடி, நடுவில் விட்டாலும் இடி. சேற்றில் மற்ற வண்டிகள் போட்டுவைத்த இரட்டைத் தடத்தில் போனாலும் இதே கதை, இரண்டு சக்கரம் தடத்தில் போகும், நடுச் சக்கரம் மட்டும் மேட்டில் ஏறித் தனியாக அவதிப்படும். மெக்கானிக்குகளுக்கும் தலைவலிதான், நடுவில் குழி வெட்டிய பட்டறையில் இந்த வண்டியை எப்படி ஏற்றுவது?

கே: பின் சக்கரத்தால் திருப்புகிற மூன்று சக்கரக் கார் உண்டா?

ப: உண்டு. அமெரிக்காவில் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1933இல் செய்த டைமாக்ஸியன். மீன் மாதிரி உடல், சுமார் 6 மீட்டர் நீளம், ஒற்றைப் பின் சக்கரம்தான் சுக்கான். அவ்வளவு நீளமும் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். வேகம் கூடினாலோ பக்கக் காற்று அடித்தாலோ வால் தன் இஷ்டத்துக்குப் போகும். மூன்றே மூன்று செய்தார்கள், அதோடு சரி.

கே: ஐசெட்டா என்கிற குட்டிக் காருக்கு மூன்று சக்கரமா, நான்கா?

ப: இரண்டும். பெரும்பாலான பிஎம்டபிள்யூ ஐசெட்டாக்களில் பின்னால் ஒட்டி ஒட்டி இரண்டு சக்கரம் இருக்கும். பிரிட்டனுக்காக அங்கேயே பிரைட்டன் ஊரில் ஒற்றைப் பின் சக்கரத்தோடும் செய்தார்கள், காரணம் மேலே சொன்ன அதே லைசென்ஸ். என்ஜின் ஏற்கெனவே வலப்பக்கம், அங்கே ஸ்டீயரிங்கும் வலப்பக்கம் வந்ததால் ஓட்டுநரும் அதே பக்கம் உட்கார்ந்தார். வண்டி சாயாமலிருக்க இடப்பக்கம் எடைக்கட்டி ஒன்றை வைத்தார்கள்! கதவு முன்மூக்கில், அதுவும் ஒன்றே ஒன்று. சுவரை முட்டி நிறுத்திவிட்டால் இறங்க வழி கூரைத் துணியை விலக்கித்தான்.

கே: ஒன்றைப் பரிசாகக் கொடுத்தால் எதை எடுப்பீர்கள்?

ப: மெசர்ஷ்மிட் கேஆர்200, யோசிக்கவே மாட்டேன். 1955 முதல் 1964 வரை வந்தது. விமானம் செய்த கம்பெனி என்பதாலோ என்னவோ, கண்ணாடிக் கூண்டைப் பக்கவாட்டில் தூக்கித் திறந்துதான் உள்ளே இறங்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராக இருவர் உட்காரலாம். வட்ட ஸ்டீயரிங் கிடையாது, ஹேண்டில்பார் மாதிரி ஒன்றுதான். ரிவர்ஸ்தான் அழகே. என்ஜினை அணைத்துவிட்டு, சாவியை வழக்கத்தைவிட ஆழமாக அழுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் அந்த டூ-ஸ்ட்ரோக் என்ஜின் தலைகீழாகச் சுற்ற ஆரம்பிக்கும். முன்னால் போக நான்கு கியர் என்றால் பின்னால் போகவும் அதே நான்கு. நான் இரண்டாவதோடு நிறுத்திக்கொள்வேன், பின் சீட்டில் இருப்பவர் தலையைக் குனிந்துகொண்டால்தானே எனக்குப் பின்னால் எதுவும் தெரியும்?