பல் இடுக்கைத் தேய்த்து இடம் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 24. தருமபுரி பக்கம் ஒரு கிராமம். கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கமாக இருக்கின்றன. கிளிப் போடலாம் என்று போனேன். "மூன்று மில்லிமீட்டர்தான் இடம் பற்றவில்லை. பல் பிடுங்க வேண்டாம், இடுக்குகளில் கொஞ்சம் தேய்த்து இடம் எடுத்துவிடலாம்" என்கிறார் டாக்டர். "எனாமல் போனால் திரும்ப வருமா? சொத்தை விழுந்துவிடும்" என்று அப்பா பிடிவாதமாக மறுக்கிறார். என் பற்களில் சிறு வயதிலிருந்தே பழுப்புத் திட்டும் உண்டு. செய்துகொள்ளலாமா? செய்துகொண்டால் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: அப்பா சொல்வதில் முதல் பாதி சரி. எனாமல் திரும்ப வளராது. அதை உருவாக்கும் செல்கள் பல் வெளியே முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. ஆனால் அளவோடு தேய்த்து, தேய்த்த இடத்தை வழுவழுப்பாக்கிவிட்டால் அதனால் சொத்தை வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நார்வேயின் பல் சீரமைப்பு நிபுணர் ஸாக்ரிசனும் அவரது குழுவினரும், கீழ் முன்பற்களில் இப்படித் தேய்த்தவர்களைப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அழைத்துப் பரிசோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். தேய்த்த பற்களில் சொத்தை கூடவில்லை, ஈறும் எலும்பும் நன்றாகவே இருந்தன. ஆனால் அவர்கள் தேய்த்த முறையும் மெருகேற்றிய முறையும் ஒழுங்கானவை. அதனால் எவ்வளவு எடுக்கிறார்கள், எப்படி முடிக்கிறார்கள் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு. கீழ் முன்பல்லின் பக்கவாட்டில் எனாமல் ஏறக்குறைய 0.6 முதல் 0.8 மி.மீ. தடிமன் இருக்கும். கடைவாய்ப் பற்களில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். இருப்பதில் பாதிக்கு மேல் தொடக்கூடாது என்பது பொதுவான வரம்பு. அந்தப் பாதிக்கும் கொஞ்சம் உள்ளேயே நின்று, கீழ் முன்பல்லின் ஒரு பக்கத்தில் அதிகபட்சம் 0.25 மி.மீ., சாதாரண ஜெராக்ஸ் தாள் இரண்டரை அடுக்கிய அளவு. ஒரு இடுக்கில் இரண்டு பற்களின் பக்கங்கள் சந்திப்பதால் இடுக்குக்கு அரை மில்லிமீட்டர் வரை கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது மூன்று மி.மீ. கீழே இரண்டு கோரைப்பற்களுக்கு நடுவில் ஐந்து இடுக்குகள். அவற்றில் 0.4 வீதம் எடுத்தால் இரண்டு மி.மீ. கோரைப்பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு இடுக்குகள், அவற்றில் 0.5 வீதம் ஒரு மி.மீ. கணக்கு முடிந்தது. எந்தப் பல்லும் வரம்பைத் தாண்டவில்லை.

பிடுங்கினால் என்ன ஆகும் என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள். வழக்கமாக எடுக்கும் முன்கடைவாய்ப் பல் ஒன்று சுமார் ஏழு மி.மீ. அகலம். இருபுறமும் எடுத்தால் பதினான்கு. மூன்று மில்லிமீட்டர் பற்றாக்குறைக்குப் பதினான்கைக் காலி செய்தால், மிச்ச இடத்தை மூட முன்பற்களைப் பின்னால் இழுக்க வேண்டியிருக்கும். பல் துருத்தியிருப்பவருக்கு அது நல்லது. துருத்தாதவருக்கு உதடு உள்வாங்கி முகம் தட்டையாகத் தெரியலாம். எனாமல் இழப்புக்கு அஞ்சி நல்ல பல்லையே இழப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் பற்றாக்குறை எட்டு, பத்து மி.மீ. என்றிருந்தால் நானே பிடுங்கத்தான் சொல்வேன்.

இன்னொரு கணக்கை டாக்டரிடம் கேட்க வேண்டும். மேல் ஆறு முன்பற்களின் மொத்த அகலத்துக்குக் கீழ் ஆறு சுமார் 77 சதவீதம் இருந்தால்தான் இரண்டு வரிசையும் பொருந்தி உட்காரும். 1958-இல் போல்டன் என்ற பல் சீரமைப்பு நிபுணர் கொடுத்த அளவு இது. உங்கள் கீழ்ப்பற்கள் ஏற்கெனவே சிறியவையாக இருந்து அவற்றை மட்டும் தேய்த்தால், மேல்பல் முன்னால் தள்ளி நிற்கும். "போல்டன் அளவு பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பார்த்திருந்தால் உடனே சொல்லிவிடுவார்.

அடுத்து பழுப்புத் திட்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன், போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்த உங்கள் பகுதிப் பிள்ளைகளிடம் இது சகஜம். பெரும்பாலும் ஃபுளூரோசிஸ்தான், அதாவது தண்ணீரில் ஃபுளூரைடு அதிகமாக இருந்ததால் எனாமலில் விழுந்த கறை, ஆனாலும் டாக்டர் பார்த்து உறுதிசெய்யட்டும். நிறம் மட்டும் மாறி, பரப்பு வழுவழுப்பாக இருந்தால் தேய்ப்பதற்குத் தடையில்லை. குழி குழியாக, ஓரம் உதிரும் நிலையில் இருந்தால் எனாமல் பலவீனமானது என்று பொருள். அங்கே நான் கைவைக்க மாட்டேன், வேறு வழியில் இடம் தேடுவேன். உங்களுக்கு எது என்று வெளிச்சத்தில் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தாலே டாக்டருக்குத் தெரிந்துவிடும். அப்புறம், இப்படிப்பட்ட பற்களில் கிளிப் கொஞ்சம் சீக்கிரம் கழன்று விழும். விழுந்தால் டாக்டரைத் திட்டாதீர்கள்.

தேய்த்த எனாமலை உறுதிப்படுத்த டாக்டர் ஃபுளூரைடு வார்னிஷ் என்ற பூச்சைப் போடலாம். "ஃபுளூரைடால்தானே பல் இப்படி ஆனது, அதன்மேல் ஃபுளூரைடு வார்னிஷ் வேறா?" என்று உங்கள் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். திட்டு விழுவது எனாமல் உருவாகும் சிறுவயதில், தாடைக்குள் இருக்கும் பல்லுக்கு மட்டும். முளைத்து முடிந்த பல்லின் மேல் பூசும் ஃபுளூரைடு திட்டை உண்டாக்காது, எனாமலை உறுதிப்படுத்தும். தேய்த்தவுடன் வார்னிஷ் பூசினால் தைரியமாகப் பூசிக்கொள்ளுங்கள். அன்று முழுக்கக் கடினமான உணவும் சூடான காபியும் வேண்டாம். இரவு பல் துலக்காமல் விட்டுவிட்டு மறுநாள் துலக்கினால் போதும்.

தேய்ப்பது எப்படி நடக்கும்? வைரத்தூள் பதித்த மெல்லிய உலோகப் பட்டையை இடுக்கில் நுழைத்து முன்னும் பின்னும் இழுப்பார்கள், அல்லது மெஷினில் மாட்டிய தட்டால் தேய்ப்பார்கள். எனாமலில் நரம்பு இல்லாததால் மரத்துப்போக ஊசி வேண்டியதில்லை. தாடை எலும்பு வழியாகக் காதுக்குள் கரகரவென்று கேட்கும், நாக்கில் மணல் மாதிரி நெருடும். ஈறு ஓரத்தில் துளி ரத்தம் வரலாம். நடுநடுவே எஃகுத் தகடு ஒன்றை இடுக்கில் விட்டுப் பார்ப்பார்கள். தகட்டின் தடிமன்தான் எடுத்த அளவு. தகடு வைத்து அளக்காமல் கண்மதிப்பில் தேய்ப்பவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்த இடுக்கில் எவ்வளவு என்று உங்கள் ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். நாளை வேறு டாக்டரிடம் போனால், அவர் அதே இடத்தில் மறுபடி தேய்த்துவிடாமல் இருக்க அதுதான் காவல்.

முதல் நாளே தேய்க்கவில்லை என்றால் கவலை வேண்டாம். திரும்பி, ஏறி நிற்கும் பல்லில் பட்டை சரியான இடத்தில் படாது, படி மாதிரி வெட்டு விழுந்துவிடும். பற்கள் ஓரளவு நேரான பிறகு தேய்ப்பதே பல நேரம் நல்லது. இதில் ஒரு லாபமும் உண்டு. நேரான பிறகு சிலருக்கு ஈறுக்கு மேல் முக்கோணமாகக் கறுப்பு இடைவெளி தெரியும். அங்கே தேய்த்துச் சேர்த்தால், பற்கள் தொடும் இடம் ஈறை நோக்கி இறங்கி அந்த இடைவெளி சுருங்கும்.

ஏற்கெனவே சொத்தை இருந்தாலோ, ஈறில் வீக்கம், ரத்தக்கசிவு இருந்தாலோ அவற்றைச் சரிசெய்யாமல் தேய்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள். பயந்தால் இதற்குத்தான் பயப்பட வேண்டும். அழுக்கு தங்கும் வாயில் தேய்க்காத எனாமலே தாக்குப்பிடிக்காது.

வீட்டில் செய்ய வேண்டியது: ஃபுளூரைடு உள்ள பேஸ்ட், டியூபில் 1000 பி.பி.எம். என்று இருந்தால் சரி. காலை, இரவு இரண்டு வேளை. தேய்த்தபின் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளித்து எல்லாவற்றையும் கழுவிவிடாதீர்கள். கம்பி இருப்பதால் ஃபிளாஸ், அதாவது பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல், நேராக இறங்காது. வளையும் பிளாஸ்டிக் ஊசியில் கோத்துக் கம்பிக்கு அடியில் விட வேண்டும், இல்லையென்றால் இடுக்குக்கான குட்டி பிரஷ். கரித்தூள், சாம்பல், உப்புத்தூள் வகையறாக்களை மூட்டை கட்டி வையுங்கள். சில்லென்று எதையாவது குடித்தால் சில நாள் கூசலாம், கூச்சத்துக்கான பேஸ்ட் போதும். இரண்டு, மூன்று வாரம் ஆகியும் குறையாவிட்டால் போய்க் காட்டுங்கள்.

மெருகேற்றினார்களா என்று நீங்களே சோதிக்கலாம். தேய்த்த இடுக்கில் ஃபிளாஸ் நூலை ஏற்றி இறக்குங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் சரி. பிசிறி நார்நாராக வந்தால் அந்த இடம் சொரசொரப்பாக இருக்கிறது, அழுக்கு அங்கேதான் ஒட்டும். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போன் செய்து, வந்து பாலிஷ் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.