ஐம்பதும் எட்டும்

கேள்வி: ஆசிரியர் ஐயா, எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மாலையில் கூடும் நண்பர்களிடையே ஒரு சண்டை தீராமல் இருக்கிறது. குத்துச்சண்டை வீரர் ஃபுளோயிட் மேவெதர் 50 போட்டிகளில் 50 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. மேனி பாக்கியாவோ எட்டு முறை தோற்றவர். 2015-இல் மேவெதரிடமே தோற்றார். இதற்கு மேல் என்ன பேச்சு என்கிறேன் நான். பாக்கியாவோதான் பெரியவர் என்கிறார் நண்பர். இருவரையும் நீங்களே எடை போட்டுச் சொல்லுங்கள்.
(தோட்டத்து வாசகர் ஒருவர், சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, எடை போடச் சொல்லியிருக்கிறீர்கள். ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஓர் ஊரிலிருந்து வந்த கேள்வியில் அந்தச் சொல்லைப் படித்த பிறகு எனக்கு வேறெங்கிருந்தும் தொடங்க மனம் வரவில்லை. பால் மரம் வெட்டிய நம் பெற்றோர் வாளிகளைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு முன்னால் வரிசையில் நின்ற காலத்தில், நிறுத்த பாலின் எடையை மட்டும் வைத்து யாரும் கணக்கு முடித்ததில்லை. தோட்டத்துக் கணக்கரான கிராணி மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் உண்மையான ரப்பர் எவ்வளவு என்று பார்த்த பிறகே பேரேட்டில் எழுதுவார். மரத்துப் பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்குதான் உலர்ந்த ரப்பர். மீதியில் பெரும்பகுதி நீர். வாளி தளும்ப நிறைந்திருக்கிறது என்பதற்காக எவருக்கும் கூடுதல் கூலி கிடைத்ததில்லை. குத்துச்சண்டை வீரரின் வெற்றிக் கணக்கையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். யாரை, எந்த வயதில், எந்த எடையில் வென்றார் என்று பார்த்த பின்பு மிஞ்சுவதே எனக்குக் கணக்கு.

முதலில் அந்த ஐம்பதைப் பார்ப்போம். ஐம்பதாவது வெற்றி 2017 ஆகஸ்ட் 26 அன்று கோனர் மெக்ரெகர் மீது பெற்றது. அவர் கலப்புத் தற்காப்புக் கலையின் பெரிய வீரர்; ஆனால் அன்றைக்கு முன்பு தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒரு போட்டிகூட ஆடியதில்லை. அந்த ஒன்றைக் கழித்தால் மேவெதர் 49-இல் நிற்கிறார். அதே 49-இல்தான் ராக்கி மார்சியானோ 1956-இல் ஓய்வு பெற்றார். இனி எடையைப் பாருங்கள். 2009-இல் மேவெதர் ஹுவான் மானுவேல் மார்க்கேஸைச் சந்தித்தபோது இருவரும் ஒப்புக்கொண்ட வரம்பு 144 பவுண்டு. மேவெதர் 146 பவுண்டோடு தராசில் ஏறி, கூடுதலான இரண்டு பவுண்டுக்கு ஆறு லட்சம் டாலர் தண்டம் கட்டினார். அளவில் சிறியவரான மார்க்கேஸ் 142 பவுண்டு. 2013-இல் கனேலோ அல்வாரஸை வென்றதும் 152 பவுண்டு என்று பேசி வைத்த எடையில்தான். அல்வாரஸுக்கு அப்போது வயது 23. 2002 ஏப்ரலில் ஹோசே லூயிஸ் காஸ்டியோவுடன் ஆடிய முதல் போட்டியில் மூன்று நடுவர்களும் மேவெதருக்கே வெற்றி கொடுத்தார்கள். காஸ்டியோ வென்றதாகக் கருதியவர்கள் அன்றும் பலர், இன்றும் பலர்.

இதைச் சொல்வதால் மேவெதரை நான் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். அதே காஸ்டியோவை அந்த ஆண்டு டிசம்பரிலேயே மறுபடியும் சந்தித்து வென்றார் என்பது அவருடைய நேர்மைக்குச் சாட்சி. 2001 ஜனவரியில், அதுவரை தோல்வி அறியாத டியேகோ கொராலெஸை ஐந்து முறை தரையில் விழ வைத்தார்; பத்தாவது சுற்றில் கொராலெஸின் தரப்பே போட்டியை நிறுத்தியது. இடது தோளை உயர்த்தி முகவாயை மறைத்து, எதிராளியின் குத்தை ஒரு விரற்கடை தூரத்தில் நழுவ விட்டு, அதே நொடியில் வலக்கையால் பதில் கொடுக்கும் அந்தத் தற்காப்பை அவரளவுக்குத் தேர்ந்து செய்தவர் என் தலைமுறையில் எவரும் இல்லை. அவருடைய பாலில் ரப்பர் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அது ஐம்பதும் அன்று.

இப்போது உங்கள் நண்பரின் வீரர். பாக்கியாவோவின் கதையே தராசின் கதை. 1995-இல் 106 பவுண்டு எடையோடு, அதாவது ஏறத்தாழ 48 கிலோவோடு, தொழில்முறைக்கு வந்த இளைஞன் அவர். 1998 டிசம்பரில் தாய்லாந்துக்கே சென்று சாட்சாய் சசகுலை எட்டாவது சுற்றில் வீழ்த்தி 112 பவுண்டுப் பிரிவின் உலகப் பட்டத்தைப் பெற்றார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2010 நவம்பரில், 154 பவுண்டுப் பிரிவின் பட்டத்துக்காக அந்தோனியோ மார்கரிட்டோவோடு மோதினார். முதல் நாள் தராசில் பாக்கியாவோ 144.6 பவுண்டு, மார்கரிட்டோ 150. போட்டி இரவில் மார்கரிட்டோ 165 பவுண்டுக்கு ஏறியிருந்தார், பாக்கியாவோ 148. பதினேழு பவுண்டு கூடுதலான, உயரமும் கூடிய ஒருவரைப் பன்னிரண்டு சுற்றும் அடித்து, கண் குழி எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சைக்குப் போகும் நிலைக்கு ஆளாக்கினார். ஆசியாவிலிருந்து இப்படியொரு செயலை வேறெவரும் செய்ததில்லை, உலகிலும் செய்ததில்லை.

எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர் என்று பாக்கியாவோவைச் சொல்வார்கள். அந்த எண்ணிக்கைக்குள்ளும் நீர் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். 126 பவுண்டு வரம்புள்ள ஃபெதர்வெயிட் பிரிவில் மெக்சிகோவின் மார்கோ அந்தோனியோ பாரெராவை வென்றதற்கு அவருக்குக் கிடைத்தது 'தி ரிங்' என்ற குத்துச்சண்டை இதழின் அங்கீகாரம். உலகப் பட்டம் வழங்கும் பெரிய நான்கு அமைப்புகளின் பட்டம் எதுவும் அன்று பந்தயத்தில் இல்லை. 2009-இல் ரிக்கி ஹாட்டனை இரண்டாவது சுற்றில் சாய்த்ததும் அப்படித்தான். மிகேல் கோட்டோவை 147 பவுண்டு வரம்புள்ள பிரிவில் 145-க்கு இறங்கி வரச் சொல்லித்தான் மோதினார். மார்கரிட்டோவோடு மோதிய பட்டம் காலியாகக் கிடந்த பட்டம். இவ்வளவையும் கழியுங்கள், நான் தடுக்க மாட்டேன். கழித்த பிறகும் பாரெரா, மொராலெஸ், மார்க்கேஸ், ஹாட்டன், கோட்டோ என்ற பெயர்கள் மிஞ்சுகின்றன. பெல்ட் இல்லையென்றாலும் பாரெரா பாரெராதான்.

எட்டுத் தோல்வி என்று ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். தோல்வியையும் பிரித்துப் பார்க்க வேண்டாமா? 1996-இல் முதல் தோல்வி: எடை வரம்பை மீறி வந்ததால் எதிராளியைவிடக் கனமான கையுறை அணிந்து ஆட வேண்டியதாயிற்று. 1999-இல் இரண்டாவது: 112 பவுண்டுக்கு உடம்பை இறக்க முடியாமல் பட்டத்தைத் தராசிலேயே இழந்து, மூன்றாவது சுற்றில் வயிற்றில் விழுந்த குத்தில் சாய்ந்தார். இரண்டும் அவர் பொறுப்புத்தான். ஆனால் வளரும் உடம்பைப் பட்டினி போட்ட ஓர் ஏழைப் பையனின் தோல்விகள் அவை. 2005-இல் எரிக் மொராலெஸிடம் தோற்றார். 2006-இல் அதே மொராலெஸை இரண்டு முறை சாய்த்தார். 2012-இல் டிமத்தி பிராட்லியிடம் தோற்றதாக அறிவித்தார்கள். பின்னர் உலகக் குத்துச்சண்டை அமைப்பே ஐந்து நடுவர்களைக் கொண்டு பதிவைப் பார்க்க வைத்தபோது ஐவரும் பாக்கியாவோ வென்றதாகவே புள்ளி இட்டார்கள். தீர்ப்பு மட்டும் மாறவில்லை. பிராட்லியையும் அவர் பிறகு இரண்டு முறை வென்றார். 2021-இல் கியூபாவின் யோர்டெனிஸ் உகாஸிடம் தோற்றபோது வயது 42. எந்தச் சமாதானமும் சொல்ல முடியாத தோல்வி ஒன்றுண்டு: 2012 டிசம்பரில் மார்க்கேஸின் வலக்கைக் குத்தில் முகம் குப்புற விழுந்தது. மூன்று முறை மோதியும் தெளிவு பிறக்காத ஒரு கணக்கைத் தீர்க்க நான்காவது முறையும் மேடையேறினார், விழுந்தார். ஏறாமலே இருந்திருந்தால் எண்ணிக்கை ஏழு ஆகியிருக்கும்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். தோல்வியே இல்லாத ஏட்டைத் தெய்வமாக்கிய பிறகு, நல்ல வீரர்கள் ஒருவரையொருவர் தவிர்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஷுகர் ரே ராபின்சனுக்கு 19 தோல்விகள், முகமது அலிக்கு ஐந்து. அதைச் சொல்லி அவர்களைக் கீழிறக்கத் துணிந்தவர் உண்டா? மேவெதரும் பாக்கியாவோவும் 2010 வாக்கிலேயே மோதியிருக்க வேண்டியவர்கள். இரத்தப் பரிசோதனை பற்றிய தகராறில் அப்போது பேச்சு முறிந்து, 38 வயதிலும் 36 வயதிலும் வந்து நின்றார்கள்.

உள்ளூர் அபிமானமும் தராசைச் சாய்க்கும். இதே பக்கத்தில் மூத்த வாசகர்கள் சிலரோடு எனக்கு நெடுநாள் வழக்கு ஒன்று இருக்கிறது. 1975 ஜூலை 1 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் அலி ஜோ பக்னரை 15 சுற்றுகளில் புள்ளிகளால் வென்றதை அலியின் மகத்தான போட்டிகளில் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நான் அன்றும் மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன். அலியின் மகத்துவத்தைக் காண அதே ஆண்டு அக்டோபர் 1-க்குப் போக வேண்டும். மணிலாவில் ஜோ ஃபிரேசியரோடு பதினான்கு சுற்றுகள். நம் மண்ணில் நடந்தது என்பதால் ஒரு போட்டிக்கு எடை கூடிவிடாது. 2018 ஜூலை 15 அன்று புக்கிட் ஜாலிலில் பாக்கியாவோ லூக்காஸ் மத்தீஸேயை ஏழாவது சுற்றில் முடித்ததற்கும் இதுவே என் பதில். 39 வயதில் பார்க்க இனிய வெற்றிதான். ஆனால் மத்தீஸே தேய்ந்து போயிருந்தார், அந்தப் பட்டமும் உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் (WBA) இரண்டாம் நிலைப் பட்டம். அதைவிட மறு ஆண்டு ஜூலையில், 40 வயதில், தோல்வியறியாத கீத் தர்மனை முதல் சுற்றிலேயே தரையில் உட்கார வைத்து வென்றாரே, அது பல மடங்கு கனமானது.

இனி உங்கள் சண்டைக்கு வருகிறேன். 2015 மே 2 இரவின் தீர்ப்பில் எனக்கு ஐயமில்லை. ஒரு நடுவர் 118-110, மற்ற இருவர் 116-112 என்று மேவெதருக்குக் கொடுத்தது சரியே. பாக்கியாவோவின் தோள் காயத்தைக் காரணம் காட்டுவதை நான் ஏற்பதில்லை. ஒரு மேடையில், ஓர் இரவில், ஒருவரை ஒருவர் எதிர்த்து நின்றால் மேவெதரே சிறந்த ஆட்டக்காரர். அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் முப்பது ஆண்டுத் தொழில் வாழ்வை மொத்தமாக நிறுத்தால் உங்கள் நண்பர் பக்கமே தட்டு தாழ்கிறது. 2025 ஜூனில் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் இடம் பெற்று, அடுத்த மாதமே 46 வயதில் உலகப் பட்டத்துக்கு மேடையேறி மரியோ பாரியோஸோடு சமன் செய்த மனிதருக்கு நிகராக நிறுத்த என்னிடம் வேறு எடைக்கல் இல்லை.

அடுத்த முறை உங்கள் கூட்டம் சேரும்போது 2015 பதிவை விட்டுவிட்டு, 2001-இல் லாஸ் வேகாஸில் நடந்த இரண்டு போட்டிகளைப் பாருங்கள். ஒன்று ஜனவரியில் மேவெதர் கொராலெஸை ஆட்டி வைத்தது. அப்போது அவருக்கு வயது 23. மற்றொன்று ஜூனில், இரண்டே வார அவகாசத்தில் அழைக்கப்பட்டு வந்த 22 வயதுப் பாக்கியாவோ, தென்னாப்பிரிக்காவின் லெட்வாபாவை ஆறாவது சுற்றில் முடித்து 122 பவுண்டுப் பட்டத்தை எடுத்துக்கொண்டது. இரண்டையும் பார்த்த பிறகும் உங்கள் கருத்து மாறவில்லையென்றால், ஐம்பது என்ற எண்ணைச் சொல்லாமல் அதற்கான காரணத்தை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.