பயிற்சியும் தேர்வும் பெற்றோரும் – கடிதம்

வணக்கம்.

நான் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை. பள்ளியை முன்னேற்ற என்னவெல்லாம் செய்யச் சொன்னார்களோ அத்தனையும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆசிரியர்கள் பயிற்சிக்குப் போய் வருகிறார்கள். மாதாமாதம் தேர்வு வைத்து மதிப்பெண்களைப் பதிவேற்றுகிறோம். பெற்றோர் கூட்டமும் நடக்கிறது. வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டு, நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். ஆனால் நான்காம் வகுப்பில் கழித்தல் வராத குழந்தைகள் போன வருடமும் இருந்தார்கள், இந்த வருடமும் இருக்கிறார்கள். எங்கள் ஆசிரியர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. அப்புறம் குறை எங்கே? இந்த மூன்றில் எதைப் பிடித்தால் மற்றவை சரியாகும்? அடுத்த மாதம் மறுபடி பெற்றோர் கூட்டம். என்ன பேசுவது என்றே தெரியவில்லை.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தலைமை ஆசிரியைக்கு,

மூன்றில் எதைப் பிடிப்பது என்றால், தேர்வை என்பேன். அதிலும் மதிப்பெண் போட்டு முடித்ததும் கட்டி அலமாரியில் வைத்துவிடுகிறோமே, அந்த விடைத்தாள் கட்டைப் பிடியுங்கள். உங்கள் ஆசிரியர்களுக்கு என்ன பயிற்சி வேண்டும், பெற்றோரிடம் என்ன பேச வேண்டும் என்பது இரண்டும் அதற்குள்தான் இருக்கின்றன.

கழித்தலை நீங்களே சொன்னதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். 52-இல் 27 போனால் எவ்வளவு? விடை 25. ஆனால் நிறையக் குழந்தைகள் 35 என்று எழுதுவார்கள். ஆசிரியர் தவறு என்று குறிப்பார், மறுநாள் கடன் வாங்கிக் கழிப்பதைக் கரும்பலகையில் முதலிலிருந்து நடத்துவார். இதில் சோம்பல் எதுவும் இல்லை, உழைப்புதான். ஆனால் 35 வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரு குழந்தை, 2-இல் 7 போகாது என்பதால் திருப்பிப் போட்டு, 7-இல் 2 போக 5 என்று எழுதுகிறது. இன்னொரு குழந்தை ஒழுங்காகக் கடன் வாங்கி 12-இல் 7 போக 5 என்று எழுதிவிட்டு, கடன் கொடுத்த 5, 4 ஆகிவிட்டதை மறந்துவிடுகிறது. இரண்டு பேரும் எழுதிய விடை 35. முதல் குழந்தைக்குக் கழித்தல் என்றாலே பெரியதிலிருந்து சிறியதை எடுப்பதுதான்; அதற்குப் பத்துகளையும் ஒன்றுகளையும் குச்சிக் கட்டுகளாகக் கையில் கொடுத்துப் பழக்க வேண்டும். இரண்டாவது குழந்தைக்கு எல்லாம் தெரியும், ஒரே ஒரு படி விட்டுப்போகிறது. இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரே பாடத்தை மறுபடி நடத்தினால் ஒருவருக்குப் புரியாது, இன்னொருவருக்குச் சலித்துப்போகும்.

இதே கேள்வியை 53-இல் 27 போனால் என்று மாற்றிப் பாருங்கள். முதல் குழந்தை 34 என்று எழுதும், இரண்டாவது 36 என்று எழுதும். விடையைப் பார்த்ததுமே எந்தக் குழந்தைக்கு என்ன சிக்கல் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். ஒரே ஒரு எண்ணை மாற்றியதில் இவ்வளவு. இப்படிக் கேள்வி அமைக்கத் தெரிவதும், தப்பான விடையிலிருந்து குழந்தை யோசித்த வழியைப் பிடிக்கத் தெரிவதும்தான் ஆசிரியர் பயிற்சியில் முதலில் வர வேண்டியவை என்று நான் நினைக்கிறேன். பெரும்பாலான பயிற்சிகளில் இதற்கு இடமே இருப்பதில்லை. எல்லா ஆசிரியர்களையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து, எல்லோருக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லி அனுப்புகிறார்கள். திரும்பி வந்ததும் வகுப்பில் இருப்பது அதே நாற்பது பிள்ளைகள்.

பயிற்சி எங்கே நடக்கிறது என்பதும் முக்கியம். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் 2015-இல் தொடங்கி ஒரு நல்ல ஒப்பீடு செய்தார்கள். சிறு வகுப்புகளில் தாய்மொழி வாசிப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்களை இரண்டு பிரிவாக்கி, இருவருக்கும் ஒரே பாடக் குறிப்புகள், ஒரே வாசிப்புப் புத்தகங்கள் கொடுத்தார்கள். ஒரு பிரிவை ஓரிடத்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு, வழிகாட்டி ஒருவர் அவ்வப்போது வகுப்புக்கே வந்து, பாடம் நடப்பதைப் பார்த்து, ஆசிரியரோடு உட்கார்ந்து பேசினார். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், வழிகாட்டி வந்த பள்ளிகளில் குழந்தைகளின் வாசிப்பில் கிடைத்த முன்னேற்றம் மற்றதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

உங்களுக்கு வழிகாட்டியை யார் அனுப்பப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். யாரும் அனுப்பாவிட்டாலும், உங்கள் ஆசிரியர்களே ஒருவர் வகுப்பில் இன்னொருவர் உட்காரலாம். ஜப்பானில் இது நெடுங்கால வழக்கம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பார்ப்பார்கள், பிறகு பேசுவார்கள். அவர்கள் பார்ப்பது குழந்தைகளை. எந்தக் குழந்தை எங்கே தடுமாறியது, எங்கே முகம் மலர்ந்தது என்றுதான் குறிப்பெடுக்கிறார்கள். பாடம் நடத்தியவரை மதிப்பிட யாரும் வரவில்லை என்பதால் அவருக்கும் பயமில்லை. தலைமை ஆசிரியையாக நீங்களே முதல் பாடத்தை நடத்தி, மற்றவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல தொடக்கம் இருக்க முடியாது.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். 1988-இல் ரூத் பட்லர் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சில மாணவர்களுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் சேர்த்துக் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்ததும் குழந்தையின் கண் அதோடு நின்றுவிடுகிறது. ஆகவே பதிவேற்ற வேண்டிய தேர்வை வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் வாரம் ஒருமுறை மதிப்பெண்ணே இல்லாமல் நான்கைந்து கணக்குகள் கொடுங்கள். மறுநாள் பாடத்தை அந்தத் தாள்கள் தீர்மானிக்கட்டும்.

மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை நெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டா நகரம் சாட்சி. 2011-இல் வெளியான மாநில அரசின் விசாரணை அறிக்கை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-இல் மாணவர்களின் தேர்வில் மோசடி நடந்தது என்றும், அதில் 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் சம்பந்தப்பட்டிருந்தார்கள் என்றும் சொன்னது. தப்பு விடையை அழித்துச் சரியான விடையைக் குறித்திருக்கிறார்கள். இதில் எனக்குத் தாங்க முடியாதது, படிக்க உதவி தேவைப்பட்ட குழந்தைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று ஏட்டில் ஏறிவிட்டதுதான். அவர்களுக்கு வர வேண்டிய உதவி வராமலே போயிருக்கும். உங்கள் வாராந்திரத் தாள் உங்கள் அலுவலகத்தைத் தாண்டி எங்கும் போக வேண்டாம். அப்போதுதான் ஆசிரியர் உள்ளதை உள்ளபடி காட்டுவார்.

இனி பெற்றோர். கூட்டம் போட்டால் மட்டும் பள்ளி மாறாது என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வே சான்று. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 280 கிராமங்களில் செய்து 2010-இல் வெளியிட்டது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு சில கிராமங்களில் கூட்டம் நடத்தி, பள்ளியைக் கண்காணிக்க வேண்டிய கிராமக் கல்விக் குழுவின் உரிமைகளை விளக்கியது. சில கிராமங்களில் கூடுதலாக, குழந்தைகளின் வாசிப்பைத் தாங்களே சோதித்துப் பார்க்க மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது. இவற்றால் அரசுப் பள்ளிகளில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. மூன்றாவது வகைக் கிராமங்களில் இவற்றோடு, உள்ளூர் இளைஞர்களுக்குச் சிறு பயிற்சி கொடுத்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்பு எடுக்கச் செய்தது. அந்த வகுப்புக்கு வந்த குழந்தைகள் நன்றாக முன்னேறினார்கள். வந்தவர்கள் குறைவுதான், ஆனாலும் அந்த இளைஞர்கள் சம்பளமில்லாமல் அதைச் செய்தார்கள். மக்கள் அக்கறையில்லாதவர்கள் என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் நான் எடுத்துச் சொல்வேன். கண்காணிக்க வாருங்கள் என்றபோது வழி தெரியாமல் நின்றவர்கள், இந்தக் குழந்தைக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள் என்றபோது கைகொடுத்தார்கள்.

ஆகவே அடுத்த மாதக் கூட்டத்தில் மேடைப் பேச்சு வேண்டாம். வகுப்பு வகுப்பாக உட்காருங்கள். ‘உங்க பையன் கணக்குல வீக்’ என்று சொன்னால் ஒரு தாய் என்ன செய்வார்? வீட்டுக்குப் போய்த் திட்டுவார், அவ்வளவுதான். ‘கழித்தல்ல கடன் வாங்குறது வந்துடுச்சும்மா, பக்கத்துல ஒண்ணு குறைக்க மறந்துடுறான். தினமும் ரெண்டு கணக்கு போடச் சொல்லி, எப்படிப் போட்டேன்னு அவனையே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்க’ என்றால் எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அதைச் செய்ய முடியும். குழந்தையின் நோட்டு அவர் கையில் இருக்கட்டும், குழந்தையும் பக்கத்தில் இருக்கட்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் தர முடிகிறவர் யாராவது இருந்தால், நான்கு குழந்தைகளைக் காட்டி, அவர்களுக்கு வர வேண்டியது இன்னது என்று சொல்லி ஒப்படையுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தாலோ, இருக்கிறவருக்குக் கற்பித்தல் அல்லாத வேலைகள் குவிந்தாலோ இதெல்லாம் நடக்காது. அதை மேலிடத்துக்கு நீங்கள் மட்டும் எழுதினால் போதாது, பெற்றோரும் சேர்ந்து எழுத வேண்டும். பிள்ளையின் நோட்டைப் பார்த்துப் பழகிய பெற்றோர் எழுதும் மனுவுக்கு வலு அதிகம்.

நாற்பது தாளைத் திருத்த நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்டால், திருத்த வேண்டாம், பிரித்து வைத்தால் போதும் என்று சொல்லுங்கள். 53-இல் 27 கணக்கை மட்டும் பார்த்து, 26, 34, 36, மற்றவை என்று நான்கு குவியல். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். எந்தக் குவியல் பெரிதாக வந்தது என்று எழுதுங்கள், அடுத்து வகுப்பில் என்ன செய்யலாம் என்று பேசலாம்.

அன்புடன்