ராணி காசில் எவ்வளவு வெள்ளி?

கேள்வி: பாட்டியின் சுருக்குப்பையில் 17 வெள்ளி ரூபாய் இருந்தது. விக்டோரியா ராணி, ஜார்ஜ் ராஜா தலை போட்டவை. கடையில் கேட்டால், எல்லாமே பாதி வெள்ளிதான் என்கிறார்கள். உருக்காமல் கண்டுபிடிக்க முடியுமா ஐயா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: உருக்கவும் வேண்டாம், உரசவும் வேண்டாம் அம்மா. காசைத் திருப்பி வருடத்தைப் பாருங்கள். 1835 முதல் 1939 வரை அடித்த ரூபாயில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. யுத்த காலத்தில், 1940 முதல் 1945 வரை, பாதிதான். மிச்சம் செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. புலி போட்ட 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, சுத்த நிக்கல். காந்தத்தில் ஒட்டும். ஆக, ராணி காசுக்குப் பாதிக் கணக்கு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, கள்ளக் காசாக இருந்தால்? அந்தக் காலத்தில் ஒரு ரூபாய் எடைதான் ஒரு தோலா, 11.66 கிராம். ஆனால் கைமாறித் தேய்ந்த காசு குறைவாகத்தான் நிற்கும், எடையை மட்டும் நம்ப முடியாது. தண்ணீரில் பாருங்கள். பத்தர்கள் வைத்திருக்கும் சின்னத் தராசு போதும். முதலில் காசை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் தண்ணீர் ஊற்றிய தம்ளரைத் தராசின் மேல் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி முழுக அமிழ்த்துங்கள். அடியைத் தொடக் கூடாது, காற்றுக்குமிழியும் ஒட்டியிருக்கக் கூடாது. முதல் எடையை, இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் நல்ல காசுக்கு 10.3 பக்கம் வரும். யுத்த காலக் காசுக்கு 9.5. செம்பின் மேல் முலாம் பூசியதென்றால் 9-ஐத் தாண்டாது. தேய்மானம் இந்தக் கணக்கைக் கெடுக்காது.

தர்மபுரியில் பட்டறை வைத்த புதிதில், டச் (வெள்ளியின் தரம்) பார்க்கிறேன் என்று ஒரு ராணி காசின் விளிம்பை அரத்தால் ராவிவிட்டேன். வெள்ளி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாங்க வந்த சேகரிப்பாளர் அந்த ராவலைத் தடவிப் பார்த்துவிட்டு, வெள்ளி விலைதான் என்றார். புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தாலும் இதே கதிதான்.

இன்னொன்று. 17-ல் 1911 என்று போட்ட ஜார்ஜ் காசு இருக்கிறதா? ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று ஜனங்கள் முகம் சுளிக்க, அந்த அச்சையே மாற்றினார்கள். இருந்தால் அதை மட்டும் எடைக்குப் போடாமல், நாணயம் சேர்ப்பவரிடம் காட்டுங்கள்.