வேனில் எல்இடி விளக்கு மாட்டியதற்கு சலான்: கட்டுவதா, வழக்காடுவதா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். குடும்பத்துக்காக வாங்கிய வேன், டிஎன் 31 பதிவு. போன மாதம் புதுச்சேரியில் ஒரு ஆக்சசரீஸ் கடையில், பகலிலும் எரியும் எல்இடி டிஆர்எல் பட்டையை முன் பம்பரில் மாட்டினோம். வெள்ளை, ஐஸ் ப்ளூ இரண்டும் ரிமோட்டில் மாறும். முள்ளோடையில் போலீஸ் நிறுத்தி இ-சலான் போட்டுவிட்டார்கள். ஹெட்லைட் இப்போது விட்டு விட்டு எரிகிறது. ஒயரை வெட்டி ஒட்டியிருப்பதால் வாரண்டி கிடையாது என்கிறது கம்பெனி சர்வீஸ் சென்டர். நாளைக்கு விபத்து என்றால் இன்சூரன்ஸும் கைவிரித்துவிடுமா சார்?

பதில்: முதலில் சலானை எடுத்து எந்தப் பிரிவு என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 177 என்றால், முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை அபராதம். வண்டியை விதிமீறி மாற்றுவதற்காக 2019 திருத்தத்தில் சேர்த்த 182ஏ(4) என்றால் சங்கதி வேறு. ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே.

182ஏ(4) போட்டிருந்தால் வாதாட இடம் உண்டு. பிரிவு 52 தடுப்பது, ஆர்சியில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு முரணாகும்படி வண்டியை மாற்றுவதை. பம்பர் விளக்கு ஆர்சியில் வருவதில்லை. ஆனால் 182ஏ(4), விதிக்குப் புறம்பாக உதிரி பாகம் பொருத்துவதையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அங்கேதான் உங்கள் ஐஸ் ப்ளூ இடிக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 108ன்படி, நீலம் கலந்த பலவண்ண விளக்கு அவசரப் பணி வாகனங்களுக்கு உரியது. ஆம்புலன்ஸ் என்று நினைத்து எதிரே வருபவர் தடுமாறினால் என்ன ஆகும்? அந்தப் பட்டையை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

வெள்ளை மட்டும் எரியும் பட்டை மாட்டுவதானால், விதி 106ஐ வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். இருட்டியதும் வண்டிக்கு 8 மீட்டர் முன்னால், அதன் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி நில்லுங்கள். கண் கூசினால் அந்த விளக்கு ஆகாது. ஹெட்லைட் போட்டதும் டிஆர்எல் தானாக அணைய வேண்டும். கடைக்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான்.

சலானைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டு சமரசமாக முடித்ததாக ஆகும். 177 என்றால் கட்டிவிடுங்கள், அலைச்சல் மிச்சம். 182ஏ என்றால் கட்டாமல் நீதிமன்றத்தில் பதில் சொல்லுங்கள். முள்ளோடை புதுச்சேரி எல்லைக்குள் இருப்பதால் வழக்கும் அங்கேதான் நடக்கும். கழற்றிய பிறகு எடுத்த போட்டோவைக் கையில் வைத்திருங்கள்.

எனக்குச் சலானைவிட அந்த ஒயர்தான் கவலை. ஃபியூஸும் ரிலேயும் இல்லாமல், இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயிண்ட் சூடேறித் தீப்பிடிக்கலாம். குழந்தைகள் உட்காரும் வண்டி. அதைச் சரிசெய்யும்வரை வெளியே எடுக்க வேண்டாம். வண்டி எரிந்தால் ஓன் டேமேஜ் க்ளெயிமை, அதாவது உங்கள் வண்டியின் சேதத்துக்கான தொகையை, இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்கப் பார்க்கும். ஆனால் உங்கள் வண்டியால் அடிபட்டவருக்கான இழப்பீட்டை இந்தக் காரணம் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 150 அனுமதிக்கும் காரணங்களில் இது இல்லை. புது விளக்கு மாட்டினால் பில்லோடு எழுதிக் கொடுத்து, பாலிசியில் எலக்ட்ரிகல் ஆக்சசரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

வாரண்டி மறுப்பை சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் கார்டில் (வேலைச் சீட்டில்) எழுதி வாங்குங்கள். வெட்டிய ஒயரால் வந்த ஹெட்லைட் பழுதுக்கு அவர்கள் மறுப்பது நியாயம். அதையே சாக்காக வைத்து ஏசிக்கும் கியர்பாக்ஸுக்கும் கிடையாது என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் அந்தக் கடை. கம்பெனி ஒயரை வெட்டுவோம் என்று உங்களிடம் சொல்லாமல் வெட்டியிருந்தால் அது சேவைக் குறைபாடு. பில் இருக்கிறதல்லவா? பழுது நீக்கிய செலவைக் கேட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். தரவில்லை என்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை புதுச்சேரியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரில் வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை.