மூக்குப்பேணியில் பொறித்த எழுத்து யாருடையது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கனடாவிலிருந்து மகனின் குடும்பம் நத்தார் விடுமுறைக்கு வந்து, தைப்பொங்கலோடு திரும்பவிருக்கிறது. புதுப் பொருட்களுக்குப் பதிலாக மூக்குப்பேணி (மூக்கு வைத்த குடிகலம்), செம்பு போன்ற பழைய பித்தளைச் சாமான்களைப் பரிசாகக் கொடுத்தனுப்ப விரும்புகிறேன். பழையது என்று விற்கப்படுவது உண்மையில் பழையதுதானா என்பதை எப்படி அறிவது?
– வாசகி, கோண்டாவில்

பதில்: கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். பித்தளையும் வெண்கலமும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. ஒட்டினால் அது இரும்பின்மேல் பித்தளை நிறம் ஏற்றப்பட்ட பொருள். அடுத்ததாகப் பேணியின் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கையால் தட்டி உருவாக்கிய பாத்திரத்தில் சுத்தியல் பட்ட தடங்கள் ஒழுங்கற்றுத் தெரியும். இயந்திரத்தில் சுழற்றிச் செய்ததில் மெல்லிய வட்டக்கோடுகள் ஒரே சீராக ஓடும். தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பல்லாண்டு புழங்கிய பேணி, கை பிடிக்கும் இடத்திலும் நிலத்தில் வைக்கும் அடியிலும்தான் தேய்ந்திருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் கறுத்திருந்தால், அந்தக் கறுப்பு அண்மையில் ஏற்றப்பட்டது என்று சந்தேகிக்க இடமுண்டு.

பேரப்பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கும்போது அதன் கதையையும் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பாதிக் கதையை அல்ல, முழுக் கதையையும். உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்காகவே அந்தப் பேணிக்கு மூக்கு வைக்கப்பட்டது. விருந்தினருக்கு அதில் தண்ணீரும் தேநீரும் நீட்டிய அதே முற்றங்களில், ஒடுக்கப்பட்ட சாதியினருக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் ஊற்றிக் கொடுத்தார்கள். சமூகக் குறைபாடுகளைத் தடுப்பதற்கான சட்டம் 1957 இல் வந்த பின்னரும், 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைகளுக்குள் நுழைவதற்காகக்கூட யாழ்ப்பாணத்தில் மக்கள் போராட வேண்டியிருந்தது. இதையும் அறிந்து அந்தப் பேணியைக் கையில் எடுக்கும் பிள்ளை, தன் ஊரை உண்மையாகவே அறிந்துகொள்ளும்.

கேள்வி: பழைய பித்தளைப் பேணியைப் பரிசாகப் பெறுபவர்கள் அதில் தேநீர் குடிக்கலாமா? கொடுப்பதற்கு முன் நன்றாக மினுக்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: உட்புறத்தில் வெள்ளீயம் பூசியிருந்து, அந்தப் பூச்சு எங்கும் உரியாமல் இருந்தால் குடிக்கலாம். பூச்சில்லாத பித்தளையில் புளியோ மோரோ தேசிக்காய்ச் சாறோ பட்டால் களிம்பு ஏறும். மூக்கைப் பிற்காலத்தில் காரீயம் கலந்து ஒட்டியிருந்தால் அதைக் குடிக்கப் பயன்படுத்தவே கூடாது. இராக்கையில் வைத்து அழகு பார்க்கலாம். மினுக்குவதானால் பழப்புளியும் மென்மையான துணியும் போதும். மணலும் கம்பித்தும்பும் போட்டுத் தேய்த்தால் பூவேலைப்பாடும் பொறித்த எழுத்துகளும் மழுங்கிவிடும். எழுத்துகளைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பூட்டனார் காலத்துப் பெட்டகத்தையும் சில ஏட்டுச்சுவடிகளையும் லண்டனிலுள்ள தமையனாருக்கு அன்பளிப்பாக அனுப்ப எண்ணியுள்ளேன். ஏதும் தடையுண்டா?
– வாசகர், கரவெட்டி

பதில்: உண்டு. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களைத் தொல்பொருட்களாகக் கொள்கிறது; அவற்றை அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. அதற்குப் பிற்பட்டவையாயினும், 50 ஆண்டுகளைக் கடந்த பழம்பொருட்களுக்கும் ஏடுகளுக்கும் அனுமதி கேட்கப்படுவது வழமை என்பதால், பெட்டகத்தின் படங்களோடு தொல்பொருளியல் திணைக்களத்தை முன்கூட்டியே அணுகுங்கள். விமான நிலையத்திலோ துறைமுகத்திலோ விளக்கம் சொல்லித் தப்பலாம் என்று நம்ப வேண்டாம்.

ஏடுகளைப் பொறுத்தவரை, அனுமதி கிடைக்குமானாலும் அனுப்பாதீர்கள் என்பதே என் கருத்து. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஈடுசெய்ய முடியாத சுவடிகளும் சாம்பலாயின. எஞ்சியிருப்பவை ஊர்வீடுகளின் பெட்டகங்களுக்குள்தான் இருக்கின்றன. அவற்றை முறையாகப் படம்பிடித்து அந்தப் படங்களைத் தமையனாருக்கு அனுப்புங்கள். ஏடுகள் இங்கேயே இருக்கட்டும்.

கேள்வி: பழைய இரும்பு, பித்தளை வாங்கி விற்பவர் ஒருவரிடம் கனமான வெற்றிலைத் தட்டம் ஒன்றை மலிவாக வாங்கினேன். அடியில் இரண்டு எழுத்துகள் புள்ளிகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. புத்தாண்டுக்கு அக்காவுக்குக் கொடுக்க நினைக்கிறேன். மனைவியோ, யாருடைய வீட்டுப் பொருளோ தெரியாது, கொடுக்க வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், மானிப்பாய்

பதில்: உங்கள் மனைவி கேட்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. வீட்டுப் பித்தளைச் சாமான்களில் உரியவரின் முதலெழுத்துகளை உளியால் புள்ளிபுள்ளியாகப் பொறித்து வைப்பது நம்மவர் வழக்கம். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கிடாரமும் தாம்பாளமும் வீடு வீடாக இரவல் போய்வந்த காலத்தில், அந்த எழுத்தைப் பார்த்தே அவை உரிய வீட்டுக்குத் திரும்பின. அவ்வாறு திரும்ப முடியாமற்போன சாமான்கள் இந்தக் குடாநாட்டில் ஏராளம். 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் சில மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததை வீட்டோடு விட்டுப் போனார்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் கைகளில் கொண்டுபோக முடிந்ததை மட்டுமே கொண்டுபோனார்கள். நாங்களும் அந்த மழையில் நடந்தவர்கள்தான். 1996 இல் திரும்பி வந்தபோது வீட்டின் சுவர்கள் நின்றன. அம்மாவின் பெயரெழுத்துப் பொறித்த கிடாரம் இல்லை. பழைய சாமான் கடைகளில் அடுக்கியிருக்கும் கிடாரங்களின் விளிம்பை இன்றுவரை என் கண் தேடிப் பார்க்கிறது.

அதற்காக ஒவ்வொரு பழைய தட்டமும் களவுப் பொருள் என்று சொல்ல வரவில்லை. வறுமையால் மனமொப்பி விற்றவர்களும், எவர்சில்வர் வந்த பின் இடமில்லையென்று நிறைக்குப் போட்டவர்களும் நிறையப் பேர். உங்களுடைய தட்டம் எந்த வகை என்பதை விசாரித்துத்தான் அறிய வேண்டும். விற்றவரிடம் மீண்டும் போய், எந்த ஊரில், எந்தப் பகுதியில் வாங்கினார் என்று பொறுமையாகக் கேளுங்கள். எழுத்துகளில் சிறிது அரிசிமாவைத் தடவித் துடைத்தால் புள்ளிகள் வெண்மையாகத் துலங்கும். அதைப் படமெடுத்து அந்த ஊரில் வயதானவர்களிடம் காட்டுங்கள். உரியவர்கள் கிடைத்து, அவர்கள் விற்ற பொருள் அல்ல என்று தெரிந்தால், விலை பேசாமல் திருப்பிக் கொடுங்கள். அவர்களே விற்றது என்றால் அந்த வீட்டின் பெயரையும் கேட்டெழுதிக்கொண்டு, அக்காவுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஒன்றும் அறிய முடியாவிட்டால் எங்கே, எப்போது, யாரிடம் வாங்கினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதித் தட்டத்தோடு வையுங்கள். எந்த நிலையிலும் அந்த எழுத்துகளை அராவி அழிக்கவோ, அவற்றின்மேல் அக்காவின் பெயரைப் பொறிக்கவோ வேண்டாம்.

இந்த விசாரணை புத்தாண்டுக்குள் முடியும் என்று எதிர்பார்க்க முடியாது. அக்காவுக்குக் கொடுக்க வேறொன்றை இப்போதே பார்த்து வையுங்கள்.