வாசகர் கேள்வி: ஜப்பானிய மொழி மாணவர்களுக்கு ஓர் இணையதளம்

கேள்வி: ஜப்பானிய மொழி கற்பிக்கிறேன். மாணவர்களுக்காக ஓர் இணையதளம் உருவாக்க ஆசை. அகராதி, கான்ஜி (ஜப்பானியத்தில் பயன்படும் சீன எழுத்துகள்) அட்டைகள், ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வுக்கான நிலைவாரிச் சொற்பட்டியல், வாசிப்புப் பயிற்சி எல்லாம் இருக்க வேண்டும். நிரல் எழுத ஓரளவு தெரியும். எதில் தொடங்கலாம்?

பதில்: பட்டியலிலிருந்து அகராதியை முதலில் அடித்துவிடுங்கள். ஜிம் பிரீன் 1991-இல் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த ஜேஎம்டிக்ட் என்ற ஜப்பானிய அகராதித் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. கான்ஜியை எந்தக் கோட்டில் தொடங்கி எப்படி எழுதுவது என்று காட்ட கான்ஜிவிஜி என்ற தரவுத்தொகுப்பு இருக்கிறது. இரண்டுமே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருபவை. மூலத்தின் பெயரைப் போட வேண்டும். தரவில் நீங்கள் தமிழ்ப் பொருள் சேர்த்து வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில்தான் தர வேண்டும். இந்த இரண்டு வரி நன்றியைக்கூடப் போட மனம் வராத தளங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

சொற்பட்டியலில் கவனம் தேவை. 2010-இல் ஜே.எல்.பி.டி. தேர்வு நான்கு நிலைகளிலிருந்து ஐந்தாக மாறியது. அதன்பின் அதிகாரபூர்வமான சொற்பட்டியல் எதுவும் வெளிவருவதில்லை. ‘என் 3 சொற்கள்’ (அந்த ஐந்தில் ஒரு நிலை) என்று உலவுபவை எல்லாம் யாரோ போட்ட கணக்கு. பயன்படுத்துங்கள், ஆனால் தலைப்பிலேயே ‘உத்தேசம்’ என்று எழுதிவிடுங்கள்.

உங்களால் மட்டுமே செய்ய முடிவது வாசிப்புப் பகுதிதான். எந்த மாணவர் எந்த இலக்கணத்தில் தடுக்கி விழுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கேற்பச் சிறு சிறு பத்திகளை நீங்களே எழுதுங்கள். கான்ஜியின் தலைமேல் உச்சரிப்பைக் காட்டும் ஃபுரிகானாவுக்கு, வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல்லில் ‘ரூபி’ குறி உண்டு. ஒரு பொத்தானைத் தட்டினால் அது மறைந்து, மறுபடி தட்டினால் தோன்ற வேண்டும். மெகாப் போன்ற நிரல்கள் இடைவெளியில்லாத ஜப்பானிய வாக்கியத்தைச் சொற்களாகப் பிரித்து உச்சரிப்பையும் தந்துவிடும். ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள். தெருச் சந்தைக்கு ‘இச்சிபா’, பொருளாதாரச் சந்தைக்கு ‘ஷிஜோ’. கான்ஜி இரண்டுக்கும் ஒன்றுதான். வெளியிடுமுன் ஒவ்வொரு வரியையும் நீங்கள் படித்தாக வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடங்கள் இரண்டு. சீனம், ஜப்பானியம் இரண்டுக்கும் பொதுவான பல எழுத்துகளுக்கு, கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் தரமான யூனிகோட் ஒரே எண்ணைத்தான் தருகிறது. உங்கள் பக்கத்தின் மொழியைச் சொல்லும் ‘லாங்’ பண்பில் ஜப்பானியம் என்று குறிக்காவிட்டால், சில கருவிகளில் சீன வடிவம் தோன்றும். எலும்பைக் குறிக்கும் கான்ஜியைப் பாருங்கள்: மேல்பகுதிக்குள் இருக்கும் குட்டி மூலை ஜப்பானிய வடிவில் வலப்புறம், சீனாவின் இன்றைய அச்சு வடிவில் இடப்புறம். திரையைப் பார்த்து நோட்டில் எழுதிவந்த பிள்ளையிடம் நீங்களே சிவப்பு மையால் சுழிக்க நேரும்.

அடுத்தது என்டர் விசை. ஜப்பானியத்தில் தட்டச்சு செய்பவர் ஒலியை அடித்து, இடைவெளி விசையால் கான்ஜியாக மாற்றி, என்டர் தட்டி அதை உறுதிசெய்வார். உங்கள் பயிற்சிப் பெட்டியோ ‘விடை வந்துவிட்டது’ என்று பாதி வாக்கியத்தைப் பிடுங்கி ‘தவறு’ என்று போடும். விசை நிகழ்வில் ‘இஸ்கம்போசிங்’ என்ற பண்பு உண்மை என்று இருக்கும்போதெல்லாம் (அதாவது மாற்றம் இன்னும் உறுதியாகாத வேளையில்) என்டரைக் கண்டுகொள்ளாதபடி நிரல் எழுதுங்கள். ஜப்பானிய விசைப்பலகை முறையில் ஒரு முறையாவது நீங்களே விடை எழுதிப் பார்க்காமல் தளத்தைத் திறக்காதீர்கள்.

கேள்வி: தொடக்க மாணவர்களுக்கு ரோமன் எழுத்தில் உச்சரிப்பைக் காட்டலாமா?

பதில்: தேடல் பெட்டியில் ரோமன் எழுத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், வனகானா என்ற நிரல்தொகுப்பு அதை உடனே ஜப்பானிய ஒலியெழுத்தான கானாவாக மாற்றிவிடும். பாடத்தில் வேண்டாம். கானாவின் ஒரு வகையான ஹிரகானாவின் அடிப்படை எழுத்துகள் 46தான். ரோமன் எழுத்து பக்கத்தில் இருக்கும்வரை கண் அங்கேதான் போகும். கானா அட்டவணைப் பக்கத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் தட்டினால் தெரியும்படி.